வீட்டார் முதலில் அறியும் குறை

மனிதனுக்கு நேரும் உடற்குறைகளுள், அதற்கு ஆட்பட்டவரே கடைசியாக அறிந்துகொள்ளும் குறை ஒன்று உண்டென்றால், அது வயதோடு சேர்ந்து மெள்ள வந்து குடிபுகும் காது மந்தம்தான். கண் மங்கினால் பத்திரிகையின் எழுத்துக் கலங்கி நின்று அந்தச் செய்தியை அதுவே அறிவித்துவிடுகிறது. காதுக்கு எட்டாமற்போன சப்தமோ, எட்டாமற்போனதற்கு எந்த அடையாளத்தையும் விட்டுச்செல்வதில்லை. அடுப்பில் குக்கர் கூவியதைக் கேளாதவர் அது இன்னும் கூவவில்லை என்றே இருப்பார். பேரன் பேசியது தெளிவாக விழாதபோது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று மனப்பூர்வமாக நம்புவார். ஆகையால், காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டிய தருணத்தை அவர் தாமே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடலாகாது என்பதும், அதை முதலில் உணர்ந்து எடுத்துச்சொல்லும் பொறுப்பு உடன் வாழ்பவர்களுடையது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதற்குச் சரீர சாஸ்திரத்திலேயே காரணம் இருக்கிறது. உட்செவியில் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்னும் உறுப்புக்குள், ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் அமைந்து, சப்தத்தின் அதிர்வை நரம்பு ஏற்கக்கூடிய குறியாக மாற்றித் தருகின்றன. மனிதரில் இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளை ஏற்கும் செல்கள் அந்தச் சுருளின் வாயிலருகே இருக்கின்றன; மூப்பினாலும் பேரிரைச்சலினாலும் முதலில் நலிபவையும் அவையே. நம் பேச்சில் உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியிலும், ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக்காட்டும் நுட்பமான கூறுகள் உயர்ந்த சுருதியிலும் இருப்பதால், இந்த நலிவு தொடங்கிய காதுக்கு ஆள் பேசுவது கேட்கிறது, குரல் யாருடையது என்பதும் தெரிகிறது, ஆனால் சொன்னது பட்டா, தட்டா, கட்டா என்பது மட்டும் நிச்சயப்படுவதில்லை. "கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை" என்று ஒரு பெரியவர் சொல்வாரானால், அவரது கவனக்குறைவைப் பழிக்காமல், ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடம் எடுக்க வேண்டிய வேளை வந்துவிட்டதென்று கொள்வதே நியாயம்.

அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவராக அமர்ந்து பேசும்போது எந்தச் சிரமமும் இல்லாதவர், கல்யாணப் பந்தியின் ஆரவாரத்தில் பக்கத்து இலைக்காரர் பேசுவதற்கெல்லாம் பொத்தாம்பொதுவாகத் தலையாட்டுவதும், ஆண்குரலைக் காட்டிலும் பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் அவருக்குப் பிடிபடாமற்போவதும், தொலைபேசியை எப்போதும் ஒரே காதுக்கு மாற்றிக்கொள்வதும், அவர் வைக்கும் தொலைக்காட்சிச் சத்தம் மற்றவர்களுக்குத் தாங்கமுடியாததாகிவிடுவதும், எதிரில் இருப்பவரின் உதட்டையே பார்த்துக் கேட்கும் வழக்கம் அவரையறியாமல் உண்டாவதும் ஆகிய இவற்றையெல்லாம் வீட்டார் நாள்தோறும் காண்கிறார்கள். கண்டும் என்ன செய்கிறார்கள்? உரக்கக் கத்துகிறார்கள், இரண்டாம் முறை கேட்டால் சலித்துக்கொள்கிறார்கள், மூன்றாம் முறை, "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த ஒரு வார்த்தையைப் போல முதியவரைப் புண்படுத்துவது வேறில்லை என்பேன். நாளடைவில் அவர் கேள்வி கேட்பதையே நிறுத்தி, சபையிலிருந்தும் சம்பாஷணையிலிருந்தும் தாமாகவே விலகிவிடுகிறார். அதை நாம் முதுமையின் நிதானம் என்று பெயரிட்டுத் திருப்தியடைகிறோம். லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு, ஞாபக சக்தியை அழிக்கும் டிமென்ஷியா நோயைப் பற்றி 2017 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில், நடுவயதில் வரும் செவிக்குறைவை, மாற்றியமைக்கக்கூடிய காரணங்களுள் முக்கியமான ஒன்றாகத் தொடர்ந்து குறிப்பிட்டு வந்திருக்கிறது. கருவி பொருத்திக்கொண்டால் அந்நோய் வராது என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் காது மந்தத்தை ஓர் அற்ப விஷயமாக ஒதுக்குவதற்கு இனி இடமில்லை.

மூக்குக்கண்ணாடியை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. காது மிஷின் என்றால் மட்டும் கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது. இந்தப் பேதத்தை உண்டாக்கியது நம் சினிமாவும் நம் கேலிப்பேச்சும் அன்றி வேறு யார்? கருவியின் ஒலிக்கு மூளை பழகுவதற்குச் சில வாரங்களேனும் பிடிக்குமாதலால், ஓசைகளை மறந்து பல வருஷங்கள் கழிந்த பின் பொருத்திக்கொள்வது கடினமாகி, "எல்லாம் இரைச்சலாக இருக்கிறது" என்று மேஜையறைக்குள் போட்டு மூடப்பட்ட கருவிகள் அநேகம்.

மெள்ள வரும் குறையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். திடீரென்று வருவதோ வேறு ஜாதி. இரவு நன்றாகத் தூங்கியவருக்குக் காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது. ஓயாத இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றலும் கூட. குறும்பி அடைத்திருக்கும், ஜலதோஷமாக இருக்கும் என்று எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டு பத்து நாள் காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அடைப்பாகவே இருக்கலாம். ஆனால் உட்செவியோ நரம்போ மூன்று நாட்களுக்குள் செயலிழக்கும் திடீர்ச் செவிட்டுத்தன்மையாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப்பட்டால்தான் பலன் எதிர்பார்க்கக்கூடியது; அதிலும் முதல் சில நாட்களே மதிப்புள்ளவை. காதுக்குள் பார்த்து அழுக்கில்லை என்று அறியவும், இசைக்கவையை நெற்றியிலும் காதருகிலும் வைத்து, கோளாறு நடுச்செவியிலா உட்செவியிலா என்று ஊகிக்கவும் வைத்தியருக்குச் சில நிமிஷங்கள் போதும். நெஞ்சுவலிக்கு நாம் காட்டும் அவசரத்தில் பாதியாவது இதற்குக் காட்ட வேண்டும். அன்றே, தவறினால் மறுநாளே, காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போய்விட வேண்டும்.

குழந்தைகளின் விஷயத்தில் விதி தெளிவானது: பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் பரிகாரம். சிசு தூங்கிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய சோதனை இருக்கும்போது, "எங்கள் வீட்டில் எல்லோருமே தாமதமாகத்தான் பேசினோம்" என்று காத்திருப்பது அக்குழந்தைக்குச் செய்யும் அநீதி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கே வழி செய்திருக்கும் மாநிலத்தில், மன்னிக்க முடியாத அநீதியும்கூட.

முதியோரைப் பொறுத்தமட்டில், 50 வயது முதல் 64 வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஒன்றிலிருந்து மூன்றாண்டுக்கு ஒரு முறையும் சோதனை செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அமைதியான அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சப்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவதன்றி இதில் வேறு சிரமம் கிடையாது, வலியும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், அவர்கள் பெரியவரிடம் மட்டுமல்லாமல் அவருடைய மருமகளிடமும், "இவருக்குக் காது எப்படி?" என்று விசாரிப்பதை ஒரு நியதியாக்க வேண்டும். அந்த மருமகளின் பதிலில் உண்மை கிடைக்கும்.

கடைசியாக, வயது எதுவானாலும் காத்திருக்கக் கூடாத ஒரு கூட்டத்தார் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சோமனூரிலும் விசைத்தறிகளுக்கிடையே நாளைக் கழிப்பவர்களுக்கு, 90 டெசிபலை எட்டும் இரைச்சல் நித்திய அனுபவம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. பத்து டெசிபல் ஏறுவதென்றால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காவது. வேலை முடிந்து வந்த இரவில் காதில் ரீங்காரமும் மந்தமும் இருந்து, விடிவதற்குள் தெளிந்துவிடுவதைத் தறியோட்டிகள் சகஜமென்று எண்ணுகிறார்கள். அதுவே முதல் எச்சரிக்கை. இரைச்சலின் சேதம் வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளமாக வரைபடத்தில் முதலில் தென்படும், பேச்சில் அது தெரிய வெகுகாலம் பிடிக்கும். அதனால் வேலையில் சேரும் நாளிலேயே முதல் ஆடியோகிராமும், பிறகு ஆண்டுக்கொன்றும், முதலாளியின் செலவில் எடுக்கப்பட்டு, அதன் பிரதி தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். எடுக்கும் நாளும், இரைச்சலின் தற்காலிக மந்தம் கணக்கைக் குழப்பாதபடி, வார விடுமுறைக்கு மறுநாட் காலையில், அவர் கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பாக இருக்க வேண்டும்.