ஏன்... எதனால்? மஞ்சள், வெள்ளை, சிவப்பு... டி.வி ஒயர்களுக்கு நிறம் எதற்கு?

வீடு மாறும்போதும், டி.வி-யை இடம் மாற்றி வைக்கும்போதும் பலர் திணறுவது அதன் பின்பக்கத்தில்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின்கள். எதிரே அதே நிறங்களில் மூன்று ஓட்டைகள். நிறம் பார்த்துச் சொருகினால் படம் வந்துவிடும். மாற்றிச் சொருகினால் டி.வி கெட்டுப்போகுமா?

இந்தப் பின்னுக்கு ஆர்.சி.ஏ பின் என்று பெயர். 'ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' என்ற நிறுவனத்தின் சுருக்கம்தான் அது. இசைத்தட்டு ஓடும் கருவியை ரேடியோவோடு இணைப்பதற்காக 1930-களில் வந்தது. அப்போது ஒலிக்கு ஒரே ஒயர், நிறமே தேவைப்படவில்லை. ஸ்டீரியோ வந்து ஒலி இடது, வலது எனப் பிரிந்தது. வீட்டுக்கு வீடியோ டெக் வந்தபோது படத்துக்கும் இதே பின் பயன்பட்டது. மூன்றும் ஒரே அச்சு. எந்தப் பின்னும் எந்த ஓட்டையிலும் நுழையும். வடிவம் சொல்லாததை நிறம் சொல்ல வேண்டியதாயிற்று.

எந்த நிறம் எதற்கு?

மஞ்சள், படத்துக்கு. வெள்ளை, இடது பக்க ஒலிக்கு. சிவப்பு, வலது பக்க ஒலிக்கு. ஆங்கிலத்தில் சிவப்புக்கும் வலதுக்கும் முதல் எழுத்து 'ஆர்' என்று நினைவில் வைத்தால் மறக்காது. ஒலிக்கு ஒரே பின் உள்ள கருவி என்றால் வெள்ளையில் சொருகுவதே வழக்கம்.

வெள்ளையும் சிவப்பும் இடம் மாறினால், இடது ஸ்பீக்கரின் சத்தம் வலதில் வரும், அவ்வளவுதான். மஞ்சள் பின்னை வெள்ளை ஓட்டையில் சொருகினால் திரை இருட்டாக இருக்கும். ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று இரையும். சரியாக மாற்றிச் சொருகினால் போதும், டி.வி-க்கு ஒன்றும் ஆகாது. ஆனால், இந்தத் தைரியத்தைக் கரன்ட் ஒயரில் காட்டக் கூடாது. அங்கே நிறம் மாறினால் உயிருக்கே ஆபத்து.

நிறம் இருப்பது வெளியே உள்ள பிளாஸ்டிக்கில் மட்டும்தான். மஞ்சள் ஒயர் அறுந்துபோனால், அவசரத்துக்குச் சிவப்பு ஒயரின் இரு முனைகளையும் மஞ்சள் ஓட்டைகளில் சொருகிப் படம் பார்க்கலாம். ஒயர் நீளமாக இல்லாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது.

நிறம் ஏமாற்றும் இடங்கள்

சில டி.வி-க்களில் பச்சை, நீலம், சிவப்பு என இன்னொரு வரிசை இருக்கும். அந்தச் சிவப்பு ஒலிக்கானது அல்ல, மூன்றுமே படத்துக்கானவை. மஞ்சள் ஓட்டையே இல்லாத டி.வி-க்களில் பெரும்பாலும் பச்சைதான் மஞ்சளின் வேலையையும் செய்யும். ஓட்டையின் அருகே 'ஏ.வி' அல்லது 'வீடியோ' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் மூன்று நிறப் பின்கள் என்றும் ஒயர் உண்டு. இதில் உள் இணைப்பு எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுபோல இருக்காது. வேறு கருவியோடு வந்த ஒயரைப் போட்டால் சிவப்புப் பின்னில் படம் வரலாம். பின்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே வழி. எல்லா விதத்திலும் மாற்றிப் பார்த்தும் வரவில்லை என்றால், அந்தக் கருவிக்கான ஒயரைத்தான் வாங்க வேண்டும்.

பழைய ஒயரைத் தூக்கிப் போடலாமா?

படம், ஒலி இரண்டையும் ஒரே ஒயரில் கொண்டுபோகும் ஹெச்.டி.எம்.ஐ 2002-ல் அறிமுகமானது. அதன் பிறகு மூன்று நிற ஒயர்கள் மெல்லப் பரணுக்குப் போய்விட்டன. வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது.

ஆனால், அம்மா அப்பாவின் கல்யாணமும், தாத்தா பாட்டியின் குரலும் இன்னமும் பீரோவில் கேசட்டாகக் கிடக்கும் வீடுகள் உண்டு. காந்த நாடா ஆண்டுக்கணக்கில் வலுவிழக்கும்; ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாமல், கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. நன்றாக இருக்கும் கேசட்டை டெக்கில் ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிவுசெய்ய 'வீடியோ கேப்சர்' என்ற சிறு கருவி கிடைக்கிறது. அதில் இருப்பதும் இதே மஞ்சள், வெள்ளை, சிவப்புதான். அந்தக் கேசட்டுகள் கம்ப்யூட்டருக்கு மாறும்வரை, பரணில் கிடக்கும் ஒயர் பழைய பொருட்கள் வாங்குபவரிடம் போக வேண்டாம்!