'ஏற்கெனவே இருக்கு' என்று காப்புரிமை மறுத்தால் அவ்வளவுதானா?

கீரனூரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கடலை உடைக்கப் புதுமாதிரி இயந்திரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய காப்புரிமை விண்ணப்பம் சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து 'இதுமாதிரி ஏற்கெனவே இருக்கு' என்று பதில் வந்தால்?

முதல் கடிதம் நிராகரிப்பு அல்ல

அது பரிசோதகரின் ஆட்சேப அறிக்கைதான். பதில் சொல்ல 6 மாதம் உண்டு, விசாரணையும் கேட்கலாம். மறுக்கும் அதிகாரம் கன்ட்ரோலருக்கே, அதுவும் 15ஆம் பிரிவின்கீழ்.

என்ன வாதம் எடுபடும்?

'என் இயந்திரம் நல்லா ஓடுது' என்பது வாதமே இல்லை. 'புதுமை இல்லை' என்று சொல்ல, உரிமை கோரும் எல்லா அம்சமும் ஒரே பழைய ஆவணத்தில் இருக்க வேண்டும். பருப்பு உடையாமல் காக்கும் பாகம் அதில் இல்லையென்றால் அந்த ஆட்சேபம் நிற்காது. இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்து மறுத்தால் கேள்வி வேறு: அவற்றை இப்படி இணைப்பது அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதா?

மேல்முறையீடு எங்கே?

அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. இப்போது 117ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கெடு 3 மாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கெனத் தனிப்பிரிவே உள்ளது.

கிளிவெக் சொல்லும் பாடம்

நோவார்டிஸின் கிளிவெக் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2006இல் மறுத்ததும் சென்னை அலுவலகம்தான். 2009இல் வாரியம், மருந்து புதியது, கண்டுபிடிப்புத் திறனும் உண்டு என்று ஏற்றது. ஆனாலும் காப்புரிமை கிடைக்கவில்லை. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குத் தடை போடும் 3(டி) பிரிவு குறுக்கே நின்றது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் கையை விரித்தது. மறுப்பாணையில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்றதில் ஜெயித்துப் பயனில்லை.

அரசு செய்ய வேண்டியது

ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தனிநபருக்கு 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000 ரூபாய். கட்டணத்தில் காட்டும் இந்தக் கரிசனம் மொழியில் இல்லை. ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தன் இயந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் அறிந்தவர், அதை ஏன் மறுத்தார்கள் என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குள் கெடுவும் ஓடிவிடும்.

ஆட்சேபங்களின் சாரத்தைத் தமிழில் தருவது பெரிய காரியமல்ல. மாவட்டத் தொழில் மையங்களில் காப்புரிமை தெரிந்த ஒருவரை உட்கார வைப்பதும் முடியாததல்ல. மேல்முறையீடு சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. கீரனூரிலிருந்து எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.