அறிவியல் பரப்பும் அமைப்பை யார் ஆள்வது? – எங்கள் நிலைப்பாடு

ஒரு சிறிய அறிவியல் அமைப்பின் செயற்குழுவில் யார் உட்காருவது என்பது பார்ப்பவர்களுக்கு உள்வீட்டு விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் அரசுப் பள்ளி ஒன்றுக்குள் சோதனைப் பெட்டியோடு நாங்கள் நுழையும்போது தலைமையாசிரியர் முதலில் கேட்பது, "நீங்க யாரு? உங்களுக்குப் பின்னாடி யாரு இருக்காங்க?" என்பதைத்தான். பிள்ளைகளை எங்களிடம் ஒப்படைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கான பதிலை எழுத்தில் தருவதே இந்த அறிக்கை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் செயற்குழுவின் இடங்களில் பாதிக்குக் குறையாமல் வகுப்பறைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒதுக்கப்படும்: அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர், ஊர்ப்புற நூலகர்கள். விஞ்ஞானிகள் குழுவில் இருப்பார்கள்; பெரும்பான்மையாக இருக்க மாட்டார்கள். கணக்கு படிக்கத் தெரிந்த ஒருவராவது கட்டாயம் இருப்பார். நிதி கொடுப்பவர்களுக்கு இடம் கிடையாது. எவரும் தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க முடியாது. அமைப்பைத் தொடங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் மூத்த நிறுவனங்களில் ஒன்று லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன். 1799இல் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான ரம்ஃபோர்டு பிரபு, புதிய அறிவு பட்டறைக்கும் ஏழை வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினார். ஆல்பமார்ல் தெருவில் அதன் சொற்பொழிவு மண்டபத்தை எழுப்பிய தாமஸ் வெப்ஸ்டர், கைவினைத் தொழிலாளிகள் தெருவிலிருந்து நேரே மேல்மாடத்துக்கு ஏறி வரத் தனியாக ஒரு கல் படிக்கட்டு கட்டினார். நிறுவனத்தை ஆண்டவர்களோ ஆளுக்கு ஐம்பது கினி கொடுத்து உரிமை பெற்ற சீமான்கள். பிரெஞ்சுப் புரட்சியின் சூடு ஆறாத காலம் அது. உழைப்பவனுக்கு அறிவியல் சொல்லித் தருவது அரசியல் வம்பாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது, படிக்கட்டு இடிக்கப்பட்டது. ரம்ஃபோர்டும் 1802இல் இங்கிலாந்தை விட்டே போய்விட்டார். அங்கே பேசிய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் பேச்சைக் கேட்க வந்த கனவான்கள், சீமாட்டிகளின் கோச்சு வண்டிகளால் தெருவே திணறியது. அறிவியலின் தரம் குறைந்துவிடவில்லை. டேவியின் பேச்சு அருமையாகத்தான் இருந்தது. கேட்க வந்தவர்கள்தான் வேறு.

1812இல் அதே டேவியின் பேச்சைக் கேட்க மைக்கேல் ஃபாரடே என்ற புத்தகம் கட்டும் தொழிலாளிக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் மனமிரங்கிக் கொடுத்தது அது. அந்த வாடிக்கையாளர் வேறு கடையில் புத்தகம் கட்டக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறோம். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825இல் தொடங்கி இன்றுவரை நடக்கின்றன; அந்த மேடையில் பத்தொன்பது ஆண்டுகள் பேசியவர் இந்த ஃபாரடேதான்.

படிக்கட்டை இடிக்கச் சொன்னவர்கள் அறிவியலின் எதிரிகள் என்று நாங்கள் கருதவில்லை. அந்த மேசையைச் சுற்றி, அந்தப் படிக்கட்டில் ஏறி வந்திருக்கக்கூடிய ஒருவர்கூட இல்லை என்பதுதான் விஷயம். எங்கள் வேலையில் இது தினமும் நேர்வது. சனிக்கிழமைச் சோதனை முகாமை ஊர்ப் பள்ளியிலிருந்து நகரத்துக் கல்லூரிக்கு மாற்றலாம், அங்கே புரொஜெக்டர் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் சொல்வார். நல்ல யோசனையாகவே படும். அஞ்சரை மணி பஸ்ஸை விட்டால் அந்தப் பிள்ளைகள் ஊர் திரும்ப முடியாது, பெண்பிள்ளைகளை அனுப்பவே மாட்டார்கள் என்று சொல்ல அங்கே ஓர் ஆசிரியரோ அம்மாவோ இருக்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்பினால் போதாது. கை தூக்கும் உரிமையோடு இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. அறப்பணி அமைப்பை ஆள்பவர்கள் சம்பளம் வாங்கக்கூடாது என்பது நல்ல மரபு. பிரிட்டனிலும் பொதுவாக அதுதான் வழக்கம், நாங்களும் அதைக் காப்பாற்றுகிறோம். ஆனால் சம்பளமில்லாத பதவி என்பது, ஒரு நாள் கூலியை இழக்க முடிந்தவர்களுக்கு மட்டுமான பதவியாக எளிதில் ஆகிவிடுகிறது. ஆகவே குழுக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினருக்குப் பஸ் செலவும், கூலி வேலை பார்ப்பவராக இருந்தால் அன்றைய கூலி இழப்பும், வவுச்சர் போட்டு, ஆடிட்டரின் ஒப்புதலோடு கொடுக்கப்படும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். வரவு செலவு தமிழில் வாசிக்கப்படும். ஆங்கிலத்தில் அச்சடித்த பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்து "எல்லாம் சரிதானே?" என்று கேட்பதைக் கலந்தாலோசனை என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

பணத்தைப் பற்றிச் சொல்ல மறுபடியும் ஆல்பமார்ல் தெருவுக்கே போக வேண்டியிருக்கிறது. 2008இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் தன் கட்டடத்தைப் புதுப்பித்து முடித்தது. செலவு சுமார் 2.2 கோடி பவுண்டு. உணவகமும் மதுக்கூடமும் அதில் அடக்கம். வருமானம் வரும் என்ற எதிர்பார்ப்பு. அந்த ஆண்டுதான் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நிறுவனம் கடனில் மாட்டிக்கொண்டது. 2010 ஜனவரியில் இயக்குநர் பதவியே ஒழிக்கப்பட்டு சூசன் கிரீன்ஃபீல்டு வெளியேற, ஆட்சிக்குழுவை மாற்றக் கோரி உறுப்பினர்கள் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள், தீர்மானம் தோற்றது. 2013 தொடக்கத்தில் ஃபாரடே வேலை பார்த்த அந்தக் கட்டடத்தையே விற்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிதியம் கொடுத்த 44 லட்சம் பவுண்டில் வங்கிக் கடன் தீர்ந்தது, கட்டடம் தப்பியது.

அத்தனை மேதைகளின் நிழல் இருந்தும் இது நடந்தது. மேதைமைக்கும் வங்கிக் கடனுக்கும் சம்பந்தமில்லை. எதிர்பார்த்த வருமானத்தில் பாதிதான் வந்தால் என்ன செய்வது என்று கேட்பது செயற்குழுவின் வேலை. அதைக் கேட்க நோபல் பரிசு வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவர் போதும். நம் ஊரில் பல அமைப்புகளின் லெட்டர்பேடில் இடப்பக்கம் நீளமாகப் பெயர்கள் அச்சாகியிருக்கும்: முன்னாள் துணைவேந்தர், விருது பெற்ற விஞ்ஞானி, ஓய்வுபெற்ற ஆட்சியர். அவர்களில் எத்தனை பேர் மினிட் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட பெயர்ப்பட்டியல் எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு உதவும் விஞ்ஞானிகளுக்குத் தனியாகப் பாடக்குழு ஒன்று இருக்கிறது. ஒரு சோதனையில் சொல்லப்படும் விளக்கம் சரியா, பிள்ளைகளின் கைக்கு ஆபத்தில்லாததா என்பதில் அவர்கள் சொல்வதே இறுதி. செயற்குழு அதில் தலையிடாது.

நிதி கொடுப்பவர்களைப் பற்றி எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குப் பிறகு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு வருகிறது; நாங்களும் வாங்குகிறோம். பணம் கொடுப்பவர் தன் ஆள் ஒருவரைக் குழுவில் வைக்க விரும்புவது இயல்பு. பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க அவருக்கு உரிமையும் உண்டு. அதற்குக் கணக்கைக் காட்டுவோம், தணிக்கை அறிக்கையைக் கொடுப்போம், முகாமுக்கு அழைத்துப் போவோம். நாற்காலி மட்டும் தர மாட்டோம்.

காரணம் எளிது. நாங்கள் பிள்ளைகளுக்கு pH தாளைக் கொடுத்து ஊர்த் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறோம். நொய்யல் கரைப் பிள்ளைகள் சாயக்கழிவைப் பற்றிக் கேட்பார்கள். பாலாற்றங்கரைப் பிள்ளைகள் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிக் கேட்பார்கள். அவர்கள் எழுதிய முடிவைச் சுவரில் ஒட்டலாமா என்ற கேள்வி செயற்குழுவுக்கு வரும் நாளில், அந்த மேசையில் ஆலைக்காரரின் அதிகாரி உட்கார்ந்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லக்கூட வேண்டியதில்லை. மற்றவர்களே தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

இது வெறும் கற்பனை அச்சம் என்பவர்களுக்கு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைக் காட்டுகிறோம். 2021இல் அங்கே பருவநிலை பற்றிய கண்காட்சிக்கு ஷெல் எண்ணெய் நிறுவனம் நிதி கொடுத்தது; அந்த நிறுவனத்தின் நற்பெயருக்குக் கேடு வரும்படி பேசக்கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதே ஆண்டு அக்டோபரில், புதிய எரிசக்திக் கூடத்துக்கு அதானி குழுமத்தின் பசுமை எரிசக்தி நிறுவனம் புரவலர் என்று அறிவிக்கப்பட்டது. அறங்காவலர்களில் இருவர், கணிதவியலாளர் ஹன்னா ஃப்ரையும் ஜோ ஃபாஸ்டரும், பதவி விலகினார்கள். கூடம் 2024இல் திறக்கப்பட்டது. விலகியது சரியா, உள்ளே இருந்து போராடியிருக்க வேண்டுமா என்பதில் எங்கள் குழுவிலேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் அந்த இருவரும் விலகியதால்தான் அறங்காவலர் குழு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிய வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதற்காக ஒப்புக்கொண்டோம், எதற்காக மறுத்தோம் என்பதைச் செயற்குழு வெளியே சொல்ல வேண்டும். எங்கள் நிதி ஒப்பந்தங்கள் அனைத்தும், ஒரு வரி விடாமல், எந்த உறுப்பினர் கேட்டாலும் காட்டப்படும். காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு வரும் பணத்தை வாங்க மாட்டோம்.

பணத்துக்கு அடுத்து பயம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட, அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. சொல்வது எளிது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்ற கங்கண சூரிய கிரகணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிரகண நேரத்தில் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்துக் காட்டவும், அப்போது சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று பலகாரம் கொடுக்கவும் ஒரு தொண்டர் தயாராக நிற்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் செயற்குழு உறுப்பினருக்குப் போன் போடுகிறார். "எதுக்கு வீண் பிரச்னை, இந்த ஒரு தடவை விட்டுடலாமே" என்று உறுப்பினர் தொண்டருக்குப் போன் போட்டால், அந்த அமைப்பு அங்கேயே முடிந்தது. மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கத்தை நடத்திய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட நாட்டில், களத்தில் நிற்பவருக்குப் பின்னால் நிற்பது செயற்குழுவின் கடமைகளில் ஒன்று. பிள்ளையின் பெற்றோர் விரும்பாவிட்டால் பலகாரத்தை வற்புறுத்தக்கூடாது என்பது எங்கள் விதி. அதற்கு மேல் தொண்டரைத் தடுக்கும் உரிமை எந்தத் தனி உறுப்பினருக்கும் கிடையாது. குழு கூடி, காரணம் எழுதி, தீர்மானமாகத்தான் தடுக்கலாம்.

பதவிக்காலம் பற்றி. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆனால் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். அந்த 'மறுபடியும்' எத்தனை முறை என்று சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுகளாக ஒரே தலைவர், ஒரே செயலாளர், அவருக்குப் பின் அவர் மகன் என்று சங்கங்கள் நடக்கின்றன. நாங்கள் இரண்டு முறையோடு நிறுத்துகிறோம். பிறகு மூன்று ஆண்டு இடைவெளி. தொடங்கியவர்கள் போனால் வேலையே நின்றுவிடும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அவர்களில் தொடங்கியவர் எவரும் இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். விலகுபவர்கள் பள்ளிகளுக்குப் போகலாம், பாடக்குழுவில் இருக்கலாம், எழுதலாம். செக்கில் கையெழுத்துப் போட முடியாது, அவ்வளவுதான்.

உறுப்பினரின் நெருங்கிய உறவினரை அமைப்பில் வேலைக்கு எடுப்பதில்லை. உறுப்பினரின் அச்சகத்திலோ வாடகை வண்டியிலோ அமைப்பின் பணம் செலவாவதில்லை. வருமான வரிச் சட்டமே இதில் கண்டிப்பாக இருப்பதால் அதிகம் விளக்கவில்லை. முழுநேர ஊழியர்களின் பிரதிநிதி ஒருவர் குழுவில் உட்காருவார், பேசுவார். ஓட்டு மட்டும் கிடையாது, தன் சம்பளத்தைத் தானே நிர்ணயிக்கும் சங்கடம் வேண்டாம் என்பதற்காக.

ஒரு விஷயத்தில் நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இந்த வேலை யாருக்காக நடக்கிறதோ அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் வயது இல்லை. எங்கள் முகாம்களில் படித்து இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அவர்கள் எங்கள்மேல் உள்ள பாசத்தில் எதையும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்பது மறுசாராரின் வாதம். அந்த வயதுக்காரர்களைப் பற்றி மறுசாரார் வைத்திருக்கும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. இதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும்.

மற்றவை அடுத்த பொதுக்குழுவில் விதித் திருத்தமாக வைக்கப்படும். பள்ளிகள், பெற்றோர், நிதி கொடுப்பவர்கள், எங்களோடு ஒத்துப்போகாதவர்கள் உட்பட யார் வேண்டுமானாலும் மறுப்பை எழுதித் தரலாம். வந்த மறுப்புகள் கூட்டத்தில் வாசிக்கப்படும். அதுவரை இப்போதைய செயற்குழு, ஓராண்டுக்கு மேல் நீளும் எந்த நிதி ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாது.