யாருக்குத் தெரியாத இடம்?

உலகம் சுற்றும் இணையர்களின் காணொளிகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒரு தொடர் உண்டு: 'யாருக்கும் தெரியாத இடம்'. நார்வேயின் பாறை முனையோ, ஐஸ்லாந்தின் பள்ளத்தாக்கோ, ஆஸ்திரியாவின் ஏரிக்கரை ஊரோ, காட்சி விரிந்த சில நொடிகளில் இந்தத் தொடர் வந்துவிடும். 'யாருக்கும்' என்பது இலக்கணப்படி ஒருவரையும் விட்டுவைக்காத சொல். ஆனால் அந்த மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவருக்கு அந்த இடம் தெரியும். அந்த ஏரியில் படகு வலிப்பவருக்குத் தெரியும். அவ்வூர்ப் பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் அந்தச் சொல்லின் கணக்கில் வருவதில்லை. சொல்பவரும் அவரைப் போன்றே திரையின் முன் அமர்ந்து கேட்பவரும் மட்டுமே அங்கே 'யாரும்'.

சொல்லில் உள்ள பிழை மட்டுமே என்றால் இதைப் புன்னகையோடு கடந்துவிடலாம். இந்தத் தொடரை நம்பி மனிதர்கள் புறப்படுகிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் ஊர்கள் மாறிப்போகின்றன. ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. 1917-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சனும் அவர் மனைவி ஓசா ஜான்சனும் படப்பிடிப்புக் கருவியைச் சுமந்துகொண்டு தென்பசிபிக்கின் மலேகுலா தீவில் இறங்கினார்கள். அன்று நியூ ஹெப்ரிடீஸ் என்று வழங்கிய அத்தீவுக் கூட்டம் இன்று வனுவாட்டு என்னும் நாடு. அங்கே பிக் நம்பாஸ் எனப்படும் மக்களையும் அவர்களுடைய தலைவரையும் ஜான்சன் இணையர் படமெடுத்தனர். மனிதரைத் தின்போரின் தீவுகள் என்று தலைப்பிலேயே அச்சமூட்டி, அடுத்த ஆண்டு அந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது. நிஹாபத் என்ற அந்தத் தலைவரின் பெயரை அவர்கள் நாகபாட்டே என்று எழுதினார்கள். பார்வையாளர்களுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

பின்னர் போர்னியோ, கிழக்கு ஆப்பிரிக்கா என்று அவர்களின் பயணம் நீண்டது. வரிக்குதிரையின் கோடுகளும் ஒட்டகச்சிவிங்கியின் திட்டுகளும் தீட்டிய இரண்டு விமானங்களில் ஆப்பிரிக்காவின் மேல் பறந்தார்கள். மார்ட்டின் 1937-இல் ஒரு விமான விபத்தில் இறந்தார். ஓசா 1940-இல் வெளியிட்ட தன்வரலாறு பெரும் விற்பனை கண்டது. அவர்களின் துணிவை மறுப்பதற்கில்லை. இன்று மறைந்துவிட்ட ஒரு காட்டுலகின் பதிவுகளாகவும் அப்படங்கள் நிற்கின்றன. ஆயினும் 'இணையராகச் சென்று, எவரும் காணாததைக் கண்டு, ஊருக்குத் திரும்பிக் காட்டுதல்' என்னும் வார்ப்பு அவர்களிடமே ஏறத்தாழ முழு உருப்பெற்றுவிட்டது. இன்றைய காணொளிகள் அந்த வார்ப்பில்தான் ஊற்றப்படுகின்றன.

அந்த 'எவரும் காணாத' மலேகுலாவின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் 30-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. சில லட்சம் மக்களே வாழும் வனுவாட்டு முழுவதிலும் மொழிகளின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டுகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே மொழிகள் மிக நெருங்கி வாழும் நாடு அதுவே. ஒவ்வொரு மொழியும் தன் ஓடைக்கும் பாறைக்கும் காற்றுக்கும் பெயரிட்டு வைத்திருக்கிறது. அத்தனை மொழிகளில் பெயர் பெற்ற ஒரு நிலத்தை 'அறியப்படாதது' என்று அழைப்பதற்கு, அந்த மொழிகளில் ஒன்றைக்கூடக் கேளாதிருக்க வேண்டும்.

ஜான்சன்களின் காலத்தில் ஒரு படத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தீவுக்குக் கிளம்பிவிடவில்லை. கிளம்ப வழியும் இல்லை. இன்று இருக்கிறது. நார்வேயில் டிரோல்டுங்கா என்னும் பாறை, ஏரிக்கு மேலே ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் நாக்கைப் போல நீண்டு நிற்கிறது. 2010-இல் அங்கே ஏறியவர்கள் ஏறத்தாழ 800 பேர். 2016-இல் ஏறத்தாழ 80,000 பேர். ஒருவரோ இருவரோ தனியே நிற்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்துக்கொள்ள வரிசையில் காத்திருக்க வேண்டும். தனிமையின் படத்துக்கு வரிசை! அந்தப் படங்களில் தெரியாதது அந்த வரிசை ஒன்றுதான்.

ஐஸ்லாந்தின் ஃபியாத்ரார்கிளியூஃபுர் பள்ளத்தாக்கு, 2015-இல் ஜஸ்டின் பீபரின் பாடல் காணொளி ஒன்றில் இடம்பெற்றது. வந்தவர்களின் காலடியில் அங்குள்ள பாசிப் படுகை சிதைந்தது. 2019-இல் அதிகாரிகள் பாதையை மூட நேர்ந்தது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் ஊரில் வாழ்வோர் 800 பேருக்கும் குறைவு; நெரிசல் மிகுந்த நாள்களில் வருவோர் 10,000 வரை. 2023 மே மாதத்தில், எல்லாரும் நின்று தற்படம் எடுக்கும் இடத்தில், ஏரியை மறைத்து மரவேலி ஒன்று எழுப்பப்பட்டது; எதிர்ப்பு எழுந்ததும் அகற்றப்பட்டது. ஜப்பானின் ஃபுஜிகவாகுச்சிகோ நகரம் 2024 மே மாதத்தில், ஒரு கடைக்குப் பின்னே ஃபுஜி மலை தெரியும் காட்சியை மறைக்க 20 மீட்டர் நீளத்துக்கு கறுப்பு வலை கட்டியது. தன் ஊரின் அழகைத் தானே திரையிட்டு மறைக்கும் நிலைக்கு ஒரு நகராட்சி வந்துவிட்டது என்றால், அங்கே வாழ்வோரின் பொறுமை எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டும்!

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவதும் அதே தொடர்தான்: கூட்டம் மிகுந்த இடத்தை விட்டு, இன்னும் தெரியாத இடத்துக்குப் போங்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த அறிவுரைதான் மிகத் தவறானது. பாரிஸ், ரோம் போன்ற நகரங்களுக்குக் கழிவறைகளும் குப்பை அள்ளும் வண்டிகளும் மருத்துவமனைகளும் காவலர்களும் இருக்கிறார்கள். கூட்டத்தால் அவையும் திணறுகின்றன, எனினும் தாங்குகின்றன. 50 வீடுகள் உள்ள மலையூருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அங்கே வழி தவறியவரைத் தேடிச் செல்வது தன் வேலையை விட்டுவிட்டு வரும் உள்ளூர்க்காரர். அந்த ஊரின் குடிநீர் ஊற்று அந்த ஊருக்கு மட்டுமே போதும். கூட்டத்தைக் கலைத்துச் சிற்றூர்களுக்கு அனுப்புவது சுமையைக் குறைப்பதாகாது. தாங்கவே முடியாத தோள்களுக்கு அதை மாற்றுவதாகும்.

கேரளத்தின் கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய கே.ஆர். விஜயனையும் அவர் மனைவி மோகனாவையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருத்தம். சிறுகச் சேமித்தும், போதாதபோது கடன் வாங்கியும், திரும்பி வந்து தேநீர் ஆற்றி அந்தக் கடனை அடைத்தும், மீண்டும் புறப்பட்டும் அவர்கள் உலகைச் சுற்றினார்கள். 2007-இல் இஸ்ரேலுக்குச் சென்றதிலிருந்து 2021-இல் ரஷ்யாவிலிருந்து திரும்பியது வரை 26 நாடுகளைக் கண்டார்கள். ரஷ்யப் பயணம் முடிந்த சில வாரங்களில் விஜயன் மறைந்தார். அவர்களைப் பற்றிய 'இன்விசிபிள் விங்ஸ்' என்னும் ஆவணப்படம் நாடெங்கும் பலரைத் தொட்டது.

அவர்கள் சென்ற இடங்களில் 'அறியப்படாதது' எதுவும் இல்லை. சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, நியூயார்க், எகிப்து என்று எல்லாரும் போகும் இடங்கள். சுற்றுலாக் குழுவோடு, வழிகாட்டியின் பின்னே நடந்து பார்த்த இடங்கள். காணொளி இணையர்கள் இகழ்ச்சியோடு ஒதுக்கும் பயண முறை அது. ஆயினும் இந்தியாவின் பயணக் கதைகளில் அவர்களுடையதைப் போல வழக்கத்தை மீறியது அரிது. அவர்களின் பயணத்தில் தடம் மாறியது சேருமிடம் அன்று, புறப்பட்ட இடம். அயல்நாட்டு நுழைவுரிமை விண்ணப்பம் வருமானச் சான்றையும் வங்கி இருப்பையும் கேட்கும் உலகில், தேநீர்க் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வரிசையில் நிற்பதே ஒரு புதிய நிலத்தைத் திறப்பதுதான்.

'செலவு' என்னும் சொல்லின் வரலாறு அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். 'செல்' என்னும் வினையடியில் பிறந்த அச்சொல்லுக்குச் சங்க இலக்கியத்தில் பயணம் என்பது பொருள். புறப்படத் துணிந்த தலைவன் தலைவியின் வாட்டம் கண்டு தயங்குவதைச் 'செலவழுங்கல்' என்று ஒரு துறையாகவே வகுத்திருக்கிறார்கள். கையிலிருந்து பணம் செல்வதும் செலவுதான் என்று பின்னாளில் பொருள் திரிந்தது. பழைய பொருள் வழக்கொழிந்தது. விஜயன், மோகனா இருவரின் கணக்கேட்டில் இரண்டு பொருளும் மீண்டும் ஒன்றாயின. கடல் கடக்கும் பயணம் பெண்ணோடு நிகழ்வதில்லை என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படும் தொல்காப்பிய நூற்பா ஒன்றும் உண்டு. பொருள் தேடப் போவது தலைவன்; காத்திருப்பது தலைவி. கொச்சித் தேநீர்க் கடையில் இருவரும் சேர்ந்து பொருள் தேடினார்கள். இருவரும் சேர்ந்தே சென்றார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ஹால்ஷ்டாட்டை மூச்சுத் திணற வைப்பவை சுற்றுலாக் குழுக்களின் பேருந்துகளே அல்லவா? தேநீர்க் கடை இணையரைப் போன்றவர்களும் அந்தக் கூட்டத்தில் அடங்குவார்கள் அல்லவா? உண்மைதான். நல்ல மனம் படைத்தவரின் காலடியும் பாசியை மிதிக்கத்தான் செய்யும். ஆனால் கூட்டத்தை ஒழுங்குபடுத்த முடியும். பேருந்துகளை எண்ண முடியும், நேரம் ஒதுக்க முடியும், கட்டணம் விதிக்க முடியும். யார் எங்கிருந்து வந்து எங்கே இறங்குவார் என்று ஒரு சிற்றூர் முன்கூட்டி அறிய முடியாத நிலையைத்தான் 'தெரியாத இட' வேட்டை உண்டாக்குகிறது.

சில நாடுகள் வழி தேடிப் பார்த்திருக்கின்றன. பூட்டான் 2022-இல் எல்லையைத் திறந்தபோது வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் கட்டணம் விதித்தது. அடுத்த ஆண்டு அதை 100 டாலராகக் குறைத்தது. இந்தியருக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய். இம்முறை நிலத்தைக் காக்கும். ஆனால் பணமில்லாதவரையும் வெளியே நிறுத்தும். கட்டணம் ஒன்றையே வேலியாக்கினால், காணொளி இணையர்கள் உள்ளே செல்வார்கள். தேநீர்க் கடை இணையர்கள் வாசலில் நின்றுவிடுவார்கள். பலாவ் என்னும் பசிபிக் தீவு நாடு 2017 முதல் வேறொன்று செய்கிறது. வருவோரின் கடவுச்சீட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகப் பதிக்கிறது. அத்தீவின் குழந்தைகளை நோக்கி எழுதப்பட்ட அந்த உறுதிமொழியில் கையொப்பமிட்டால்தான் நுழைய முடியும். அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் சுற்றுலா அமைப்பு 2018-இல், படங்களில் துல்லியமான இடக்குறியை இடாதீர்கள் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. சட்டத்தைவிட மெலிந்த வழிகள் இவை. எனினும் அந்த ஊரில் வாழ்பவரைக் கேட்பவராகவும், பயணியைப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவும் இவை வைக்கின்றன. பயணக் காணொளிகளில் இல்லாத உறவு அதுதான்.

சொல்லையும் திருத்திக்கொள்ள முடியும். அதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். வனுவாட்டின் தேசிய மொழியான பிஸ்லாமா ஆங்கிலச் சொற்களால் ஆனது. ஆயினும் அத்தீவு மொழிகளின் வழக்கைப் பின்பற்றி இந்த வேறுபாட்டை விடாமல் வைத்திருக்கிறது. அதில் 'யுமி' என்றால் நாம். அந்நாட்டின் நாட்டுப்பண் அச்சொல்லைத்தான் மும்முறை அடுக்கித் தலைப்பாகக் கொண்டிருக்கிறது. 'மிட்டுஃபலா' என்றால் நாங்கள் இருவர், உங்களைச் சேர்க்காமல். ஜான்சன்கள் இறங்கிய தீவின் மக்களிடம், இருவர் மட்டும் நின்று படமெடுத்துக்கொள்ளும் பயணத்தைக் குறிக்க இவ்வளவு சரியான ஒரு சொல் இருக்கிறது.

'யாருக்கும் தெரியாத இடம்' என்பதை விட்டுவிட்டு 'எங்களுக்கு இதுவரை தெரியாத இடம்' என்று சொல்லத் தொடங்கினால் காணொளியின் கவர்ச்சி சற்றுக் குறையலாம். உண்மை கூடும். அறியாமை யாருடையது என்பது தெளிவாகும். அதன்பின் தெரிந்தவர் யார் என்று தேடவும், அவர் வைத்த பெயரால் அந்த இடத்தை அழைக்கவும், எந்த மாதத்தில் வரலாம், எங்கே மிதிக்கக் கூடாது என்று அவரிடமே கேட்கவும் தோன்றும். 'யாரும்' என்ற சொல்லுக்குள் அந்த ஊர்க்காரருக்கு இடம் கொடுக்க ஒரு இணையர் செலவிட வேண்டியது இந்த ஒரு கேள்விக்கான நேரம் மட்டுமே.