அரண்மனையை விடுங்கள், கரையைப் பிடியுங்கள்

லுவார் பள்ளத்தாக்கு என்றதும் சுற்றுலா விளம்பரங்களில் முதலில் வந்து நிற்பது ஷாம்போர் அரண்மனை. மன்னர் முதலாம் பிரான்சுவா 1519இல் கட்டத் தொடங்கியது, 440 அறைகள், சுற்றிலும் 32 கிலோமீட்டர் மதில். ஆனால் ஷாம்போர் லுவார் ஆற்றின் கரையில் இல்லை. கொசோன் என்ற சிற்றாற்றின் ஓரத்தில் இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே பாலம்போல நிற்கும் ஷெனோன்சோ, ஷேர் ஆற்றின்மேல் கட்டப்பட்டது. ஷினோன் கோட்டைக்குக் கீழே ஓடுவது வியேன். 'லுவார் அரண்மனைகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி விற்கப்படும் பலவற்றைப் பார்க்க வேண்டுமானால் லுவாரை விட்டு விலகித்தான் போக வேண்டும்.

காரிலோ பேருந்திலோ வருகிறவர்களுக்கு இதனால் நட்டமில்லை. சைக்கிளில் வருகிறவர்களும் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புளுவாவுக்கும் டூர் நகருக்கும் இடையே மூன்று நாள் சுற்றிவிட்டு, லுவாரைப் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்புவதுதான் வருத்தம். பிரான்சின் மிக நீளமான ஆறு அது; ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன் கரையையொட்டி, நெவேர் நகருக்குப் பக்கத்தில் உள்ள குஃபி என்ற சிற்றூரில் தொடங்கி அட்லாண்டிக் கடலோரத்தின் சேன்-பிரெவான் வரைக்கும், ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு அறிவிப்புப் பலகைகளுடன் ஒரு சைக்கிள் வழி இருக்கிறது. பெயர் 'லுவார் ஆ வேலோ'. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் யூரோவெலோ 6 தடத்தின் மேற்குப் பகுதியும் இதுதான்.

இந்த வழியின் பெருமை அரண்மனைகளில் இல்லை. ஏற்கெனவே இருந்த பழைய பொருள்களை வைத்தே இதைச் செய்து முடித்ததில் இருக்கிறது. 1990களின் நடுவில் இரண்டு மண்டல அரசுகள் கைகோத்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, 900 கிலோமீட்டருக்கும் புதிதாகத் தார் ஊற்றக் கிளம்பவில்லை. வண்டி அதிகம் போகாத ஊர்ச்சாலைகள், வயலுக்குப் போகும் பாதைகள், கால்வாய் ஓரத்தில் படகை இழுத்துச் செல்லக் குதிரைகள் நடந்த தடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்றின் வெள்ளக்கரைகள்: இவற்றை ஒன்றோடொன்று கோத்தார்கள். இல்லாத இடத்தில் மட்டும் புதுப்பாதை போட்டார்கள்.

வெள்ளக்கரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மன்னராகவும் ஆன்ஜு நாட்டுக் கோமகனாகவும் இருந்த இரண்டாம் ஹென்றி 12ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கட்டுவதற்கு ஊக்கம் தந்தார். பின்வந்தவர்கள் உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆறு கேட்கவில்லை. 1846, 1856, 1866 என்று இருபது ஆண்டுக்குள் மூன்று பெருவெள்ளம் வந்து கரைகளை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. ஆற்றோர ஊர்களின் சுவர்களில் இன்றும் கோடு கிழித்து ஆண்டைப் பொறித்திருப்பார்கள். சைக்கிளிலிருந்து இறங்கி நின்றால் சில கோடுகள் ஆளின் தலைக்கு மேலே இருக்கும். அந்தக் கரையின் உச்சியில்தான் இப்போது பல இடங்களில் சைக்கிள் போகிறது. ஒரு பக்கம் மணல்திட்டுகளோடு அகன்று கிடக்கும் ஆறு, மறுபக்கம் ஆற்றைவிடத் தாழ்ந்த வயலும் ஓட்டுக்கூரைகளும். கோடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று யாரும் இறங்கிவிடக் கூடாது. மணல் காலடியிலேயே நழுவும் ஆறு இது.

ரயில் கதை இன்னும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒயினும் உப்பும் கல்லும் லுவாரில் தட்டையடிப் படகுகளில்தான் போயின. நீராவிப் படகு வந்தது. கொதிகலன் வெடித்து ஆட்கள் இறந்த பிறகு, பயணிகளின் அச்சத்தைப் போக்க அடுத்து வந்த நிறுவனம் தன் படகுகளுக்கு 'வெடிக்காதவை' என்றே பெயர் சூட்டியது! வெடிக்காமல் ஓடியும் பயனில்லை. 1846இல் ரயில் டூர் நகரை எட்டியது, 1851இல் நான்த் போய்ச் சேர்ந்தது. படகுத்துறைகள் வெறிச்சோடின. அன்று படகுக்காரர் பிழைப்பைப் பறித்த அதே தண்டவாளம்தான் இன்று ஆற்றோர ஊர்களுக்கு ஆளைக் கொண்டுவந்து இறக்குகிறது. கோடை மாதங்களில் ஓர்லேயானுக்கும் நான்த் நகருக்கும் இடையே சைக்கிள் ஏற்றத் தனி இடவசதியுடன் ரயில் விடுகிறார்கள். கால் வலித்தால், மழை பிடித்தால், அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். முதல்முறை நெடும்பயணம் போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை. சைக்கிள் வழி அமைக்கிற எந்த அரசும் தார் போடும் பணத்தில் ஒரு பங்கை ரயில் பெட்டிக்கு ஒதுக்க வேண்டும் என்பதற்கு லுவார் நல்ல சாட்சி.

தங்குமிடத்திலும் இதே நடைமுறை அறிவு தெரிகிறது. 'அக்கோய் வேலோ' என்ற பச்சை முத்திரை மாட்டிய விடுதிகள் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றி நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு. முத்திரை வேண்டுமானால் விடுதி சைக்கிள் தடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடம், பஞ்சர் ஒட்டவும் திருகாணி முடுக்கவும் கருவிகள் தர வேண்டும். துணி துவைக்க, அடுத்த ஊருக்கு மூட்டையை அனுப்ப உதவ வேண்டும். நட்சத்திர விடுதிக்குக் கொடுக்கும் பாராட்டைவிட இந்தச் சிறு பட்டியலுக்குக் கொடுப்பதே நியாயம். ஈரத்தோடும் சேற்றோடும் வந்து நிற்பவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஊராட்சிகள் நடத்தும் முகாம் திடல்களும் அப்படியே: கூடாரம் அடிக்கப் புல்தரை, வெந்நீர்க் குளியல், காலையில் ரொட்டி. இவை பல ஊர்களில் தனியார் கைக்கு மாறி, கூடாரம் இருந்த இடத்தில் மர வீடுகள் முளைப்பது நல்லதல்ல. சைக்கிள்காரர் ஓரிரவுக்குத்தான் வருவார். அவருக்கு வார வாடகை வீடு எதற்கு?

அரண்மனைக் கூட்டம் சோமூர் நகரை நெருங்கும்போதே மெலிந்துவிடுகிறது. அங்கேதான் இந்தப் பள்ளத்தாக்கின் மிக அழகான பகுதி தொடங்குகிறது என்று துணிந்து சொல்லலாம். சோமூரைத் தொடுவதற்குச் சற்று முன், சூஸே-ஷாம்பிஞி என்ற ஊரில் வழி பாறைக்குள்ளேயே புகுந்து போகும். 'துஃபோ' எனப்படும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அது. அரண்மனைகளுக்கும் வீடுகளுக்கும் இந்தக் கல்லை வெட்டி எடுத்த பள்ளங்களே குகைகளாக நின்றன. குகைக்குள் மக்கள் குடியிருந்தார்கள். இன்றும் ஒயின் பீப்பாய் அடுக்குகிறார்கள், காளான் வளர்க்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்றிருக்கும். அரசர்கள் எடுத்துப்போன கல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னும் மேற்கே போனால் ஆன்ஜே நகரைத் தாண்டி, ஆற்றின் மேட்டில் சேன்-ஃபுளோரான்-லெ-வியேய். 1793இல் புரட்சி அரசுக்கு எதிரான வாந்தே கிளர்ச்சிப் படை இங்கே ஆற்றைக் கடந்தது. அதன் பிடியில் இருந்த கைதிகள் சுமார் 5,000 பேர். கொன்றுவிடச் சொன்னார்கள் பலர். படுகாயத்தில் உயிர்போகும் நிலையில் கிடந்த தளபதி போன்ஷான் அவர்களை விட்டுவிடச் சொன்னார். அங்குள்ள தேவாலயத்தில் அவருடைய கல்லறைச் சிலையைச் செதுக்கியவர் தாவித் தான்ஜே. உயிர் தப்பிய கைதிகளில் ஒருவர் அந்தச் சிற்பியின் தந்தை. பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூரை 1951இல் வேண்டாமென்று மறுத்த எழுத்தாளர் ஜூலியன் கிராக் பிறந்ததும் இதே ஊரில். பேருந்துக் கூட்டம் இங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை.

விளம்பரத்தில் வரும் இன்னொரு சொல்லையும் நம்பிவிட வேண்டாம்: 'ஐரோப்பாவின் கடைசிக் காட்டாறு'. ரோவான் நகருக்கு அருகே வீல்ரேயில் அணை இருக்கிறது. பெல்வீல், தாம்பியேர், சேன்-லோரான், ஷினோன் என்று நான்கு அணுமின் நிலையங்கள் லுவாரின் தண்ணீரில் இயங்குகின்றன. குளிர்விப்புக் கோபுரங்களின் வெண்ணிற ஆவி சைக்கிள் தடத்திலிருந்து வெகு தொலைவுக்குத் தெரியும். ஆனாலும் மணல்திட்டில் ஆலாக்கள் முட்டையிடும் அளவுக்கு ஆறு தன்போக்கில் கிடக்கிறது என்றால், அதற்காகப் போராடியவர்கள் இருந்தார்கள். மேல் லுவாரில் சேர் த லா ஃபார் என்ற இடத்தில் அணை கட்டக் கூடாதென்று 1989இல் அந்த இடத்திலேயே முகாமிட்டு உட்கார்ந்தார்கள். 1994இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. சுற்றுலாத் துறையின் துண்டுப் பிரசுரங்கள் அரசர்களுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியையாவது இவர்களுக்கு ஒதுக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பெரும்பாலோர் ஆறு ஓடும் திசையிலேயே கடலை நோக்கிப் போகிறார்கள். இறக்கம் என்று நினைப்பு. நெவேரிலேயே ஆற்றின் மட்டம் கடலிலிருந்து 200 மீட்டர்கூட இல்லை. 900 கிலோமீட்டரில் அந்த இறக்கம் காலுக்குத் தெரியாது. தெரிவது காற்று. அட்லாண்டிக்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதே இங்கே வழக்கம். கரையின் உச்சியில் மறைப்பு எதுவும் இல்லாமல் எதிர்காற்றில் மிதிப்பது பெரும்பாடு. எனவே கடலோரத்தில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் விடுதிகளும் ரயிலில் சைக்கிள் இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். நேரம் குறைவென்றால் நான்த் முதல் சோமூர் வரை மட்டும் போங்கள், ஷாம்போரை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.