வட்டார பீட்சா என்னும் கற்பிதம்

பீட்சா கார்னரைத் தென்னிந்தியாவின் சொந்த பீட்சாக் கடையாக நினைவுகூரும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அது 1996இல் சென்னையில் தோன்றியது. பன்னீரையும் மசாலாவையும் ரொட்டியின் மேல் ஏற்றியது. ஆகவே அது நம்முடையது. வாதம் இவ்வளவே. பண்பாட்டாய்வில் இதற்கு ‘உள்ளூர்மயமாதல்’ என்னும் கனமான பெயரும் உண்டு. பெயரின் கனம் வாதத்திற்கு வந்துவிடாது.

அந்நிறுவனம் குளோபல் ஃபிரான்சைஸ் ஆர்க்கிடெக்ட்ஸ் என்னும் குழுமத்தின் கையில் இருந்தது. குழுமத்தை நிறுவிய ஃபிரெட் மௌவாத், பன்னாட்டு நகை வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். இது குற்றமன்று. ஆனால் உரிமையாளர் யார், மாவு எங்கிருந்து வந்தது, பாலாடைக்கட்டியை யார் தந்தார் என்று கேட்காமல், மேலே தூவிய மிளகாயை மட்டும் பார்த்து ‘வட்டாரம்’ என்று எழுதுவது ஆய்வாகாது. விளம்பரத்தை அடிக்குறிப்புகளுடன் மறுபதிப்புச் செய்வதாகும்.

அதே 1996ஆம் ஆண்டில்தான் பிட்சா ஹட் தன் முதல் இந்தியக் கடையைப் பெங்களூரில் திறந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, சனவரியில், பேராசிரியர் எம். டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தினர் அந்நகரின் கே.எஃப்.சி. கடையைத் தாக்கினர். கண்ணாடியை உடைப்பதை ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அந்நிகழ்வைக் கோழிக்கறி மீதான கோபமாகச் சுருக்கியவர்கள், உழவர்களின் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. இறைச்சித் தொழிலுக்கான தீவனத்துக்கு நிலம் திரும்பினால், மக்கள் உண்ணும் தானியத்திற்கு எங்கே இடம்?

அக்கேள்விக்கு முகம் கொடுக்க மாதேஸ்வரன் மலைக்குச் செல்லலாம். 1996இல் அது மைசூர் மாவட்டம். மறு ஆண்டில் சாமராஜநகர் தனி மாவட்டமானது. பின்னாளில் நஞ்சுண்டசாமியின் இயக்கம் விதைகளைக் காக்க அமைத்த அம்ருத பூமியும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்தர்களும் கன்னடக் குடிகளும் ஒரே சாமியைத் தேடி ஏறும் மலை அது. கம்சாளைக் கலைஞர்கள் பாடிவரும் மாதேஸ்வரர் காவியத்தில், சுத்தூர் மடத்தில் அவருக்கு இடப்பட்ட வேலை கேழ்வரகு திரிப்பது. தெய்வத்தின் கையில் திரிகைக்கல்லைக் கொடுத்த மக்களுக்கு அத்தானியம் வெறும் உணவுப்பொருளாக இருந்திருக்குமா?

கேழ்வரகில் பசையம் கிடையாது. பீட்சாவுக்குரிய இழுபடும் மாவாக அது தனித்து நில்லாது. களியாகும், அடையாகும், கூழாகும். ஆகவே உள்ளூர்மயமாதல் எவ்வளவு கூடினாலும் அடித்தட்டு மைதாவாகவே இருக்கும். நாவின் பழக்கம் மட்டும் உள்ளூருக்கு வந்தது, நிலம் வரவில்லை. ‘கலப்புப் பண்பாடு’ என்று கொண்டாடும் கட்டுரைகளில் இந்த எளிய வேதியியல் இடம்பெறுவதில்லை. களப்பணி என்ற பெயரில் குளிரூட்டிய கடையில் அமர்ந்து உண்பவர்களை நேர்காணுவோர் வயலுக்குப் போவதே அரிது. பேருந்து வசதி இல்லாமல் அன்று.

2010களின் நடுப்பகுதியில் பீட்சா கார்னர் கடைகள் பாப்பா ஜான்ஸின் இந்திய உரிமதாரரிடம் போயின. சில ஆண்டுகளில் அந்தப் பெயரும் இந்தியாவிலிருந்து வெளியேறியது. ‘நம் வட்டாரக் கடை’ மறைந்த செய்தி மாதேஸ்வரன் மலைச்சரிவில் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்தவருக்கு எட்டியிருக்கவும் தேவையில்லை. அவருடைய விதையோ விலையோ ஒருநாளும் அந்தக் கடையின் கணக்கில் இருந்ததில்லை.