பெயர் இல்லாத தாமஸ்

“நீ பி.காம். படிச்சவன்தானே? இதுக்கு ஒரு விலை போட்டுச் சொல்லு” என்றார் பெரியப்பா.

சமீபத்தில் நியூஜெர்ஸி போயிருந்தபோது நடந்தது. பேஸ்மென்ட்டில், பெரியம்மாவின் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் தாள் சுற்றிய நான்கு பெட்டிகள். உள்ளே பேஸ்பால் கார்டுகள். டாப்ஸ் கம்பெனி 1990-ல் போட்டது. ஒரு பாக்கெட்கூடப் பிரிக்கவில்லை.

பெரியப்பா பையன், அதாவது என் அண்ணன், அப்போது எட்டு வயசு. ஒரே ஒரு பாக்கெட் பிரிக்கணும் என்று அழுதாராம். பெரியப்பா தொடவே விடவில்லை. “கை படாம இருந்தாத்தான்டா விலை. உன் காலேஜ் ஃபீஸே இதுல வந்துடும்.”

அண்ணன் காலேஜ் முடித்தாயிற்று. அவர் பெண்ணே காலேஜுக்குத் தயார். பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு பேஸ்பாலில் மட்டையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் பி.காம். மானம் இருக்கிறதே! மூன்று நாள் உட்கார்ந்து விசாரித்தேன்.

இந்தக் கார்டு உலகத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது ஸார். அடிப்படியில் சாதா கார்டு. 1990 டாப்ஸ் செட்டில் அந்த மாதிரி 792. அதற்கு மேல் ‘ஷார்ட் பிரிண்ட்’, அதாவது மற்றதைவிடக் குறைவாக அச்சடித்தது. அடுத்தது ‘பேரலல்’. அதே ஆள், அதே படம், ஓரம் மட்டும் தங்கம், நீலம், சிவப்பு என்று மாறும். “அதே புடவைதான் மேடம், பார்டர்தான் வேற” என்று ஜவுளிக்கடையில் விலையை ஏற்றுவார்களே, அது. சில கார்டில் 7/50 என்று நம்பர் போட்டிருக்கும். ஐம்பது அடித்ததில் இது ஏழாவது. உச்சிப்படியில் 1/1. உலகத்துக்கே ஒன்று.

இது தவிர ‘வேரியேஷன்’. கார்டு நம்பர் அதே, போட்டோ மட்டும் வேறே. இந்தக் காலத்து டாப்ஸ் கார்டு என்றால் பின்பக்கம் அடியில் எறும்பு சைஸில் ஒரு கோட் நம்பர் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதன் கடைசி இலக்கங்களைப் பார்த்துத்தான் சாதாவா, விசேஷமா என்று கண்டுபிடிக்கிறார்கள்.

தப்பாக அச்சானதற்கும் மவுசு. 1989-ல் ஃப்ளீர் கம்பெனி பில்லி ரிப்கன் கார்டு போட்டது. அவர் பிடித்திருந்த மட்டையின் அடியில் ஒரு கெட்ட வார்த்தை. அச்சாகி வெளியே போன பிறகுதான் கவனித்தார்கள். பதறிப்போய்க் கிறுக்கி மறைத்தார்கள், வெள்ளை பூசினார்கள், கறுப்புக் கட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றும் தனி வேரியேஷன் ஆகிவிட்டது! நம்ம ஆபீஸில் லெட்டரில் ஒரு கமா விட்டுப்போனால் மெமோ.

ஆனால், அரிது என்பது வேறு, விலை என்பது வேறு. 1909-ல் சிகரெட் பாக்கெட்டோடு வர ஆரம்பித்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் கார்டு சுமார் 60-தான் மிச்சம். 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அதே வருஷம் 1952 டாப்ஸ் மிக்கி மான்டில் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலர். நம்ம காசில் அப்போதே நூறு கோடி! இத்தனைக்கும் மான்டில் கார்டு, அதே தாளில் இருந்த மற்ற பல கார்டுகளைவிட இரண்டு மடங்கு அச்சடித்தது. ஆனால் ஆள் சூப்பர் ஸ்டார். கார்டோ பத்துக்கு ஒன்பதரை மார்க் வாங்கிய புத்தம் புதுசு. எத்தனை இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது. மூன்றையும் பெருக்கினால்தான் விலை.

1952 கார்டை யாரும் சேர்த்து வைக்கவில்லை. விற்காத பெட்டிகளை 1960-ல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த செட்டை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தக் கதையெல்லாம் கேட்டுத்தான் 1990-ல் அமெரிக்கா பூராவும் ஆயிரக்கணக்கான பெரியப்பாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கி பேஸ்மென்ட்டில் வைத்தார்கள். கம்பெனிகளும் அடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தினால் எப்படி ஸார் அரிதாகும்?

“நாலு பெட்டியையும் வித்தா பேத்திக்குப் புஸ்தகம் வாங்கலாம் பெரியப்பா. ஃபீஸ் கட்ட முடியாது.”

அவர் முகம் வாடிவிட்டது. மனசு கேட்காமல் ஒன்று சொல்லித் தொலைத்தேன். அந்த செட்டில் 414-ம் நம்பர் ஃப்ராங்க் தாமஸ். பின்னாளில் பெரிய ஆட்டக்காரர். அச்சுக் கோளாறில் கொஞ்சம் கார்டுகளில் மட்டும் முன்பக்கம் அவர் பெயர் விழவில்லை. அது கிடைத்தால் ஆயிரக்கணக்கில் டாலர்.

“பிரிச்சாத்தானே தெரியும்?” என்றார் அண்ணன் மெதுவாக. 2024 கிறிஸ்துமஸுக்கு வந்த பாக்கெட்டைப் பிரித்த 11 வயசுப் பையனுக்கு பால் ஸ்கீன்ஸின் 1/1 கார்டு கிடைத்து, 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்குமேல் ஏலம் போன கதையையும் எடுத்துவிட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த அனுமதி கிடைத்தது.

நாற்பது தாண்டிய மனுஷர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாக்கெட்டைக் கிழித்ததைப் பார்க்கணுமே! உள்ளே இருந்த பபிள்கம் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. “வாயில வெச்சுடாதே” என்று பெரியம்மா மேலேயிருந்து சத்தம் போட்டார்.

மூன்றாவது பெட்டியில் தாமஸ் வந்தார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பேர் இருக்கேடா.”

பெயர் இருப்பதற்காக ஒரு மனுஷர் இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணன் நாலாவது பெட்டிக்குக் கை நீட்டினார். பெரியப்பா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இது இருக்கட்டும். பேத்தி கல்யாணத்துக்கு ஆகும்.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அசல் எட்டு வயசுப் பையன் முகம்.